தொடக்கக் கட்டையும் செக்கனின் பத்தில் ஒரு பங்கும்

குறுந்தூர ஓட்டத்தின் வெற்றி தோல்வியை நாம் முடிவுக் கோட்டில் காண்கிறோம். ஆயினும் அவ்வோட்டம் பற்றிய சர்ச்சைகளுள் பல ஆரம்பக் கோட்டிலேயே தோன்றுகின்றன. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் 100 மீற்றர் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமேக்காவின் கிஷேன் தொம்ப்சனை வென்றது வெறும் 0.005 செக்கன் வித்தியாசத்திலாகும். இத்துணை நுண்ணிய அளவில் பதக்கங்கள் தீர்மானிக்கப்படும்போது, ஓர் ஓட்ட வீரர் எதனை உதைத்துப் புறப்படுகிறார், எந்தக் கணத்தில் புறப்படுகிறார் என்பன சாதாரண விடயங்களல்ல.

ஸ்டார்டிங் புளொக் எனப்படும் தொடக்கக் கட்டையின் வரலாறு ஒரு நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. 1896இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கில், ஏனையோர் பலவாறு நின்றிருக்க, அமெரிக்காவின் தோமஸ் பேர்க் கைகளைத் தரையில் ஊன்றிக் குந்திய நிலையில் புறப்பட்டு 100 மீற்றர் ஓட்டத்தை வென்றார். அம்முறை பரவிய பின்னர், பாதங்களுக்குப் பிடிமானம் தேவைப்பட்டது. வீரர்கள் சிறு கரண்டியால் ஓடுபாதையில் குழி தோண்டி, அதில் பாதத்தைப் பதித்துப் புறப்பட்டனர். 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களைச் சுவீகரித்த ஜெஸி ஓவன்ஸும் அவ்வாறே குழி தோண்டியவர்தான். இதனால் ஓடுபாதை சிதைந்ததுடன், முன்னர் ஓடியவர் விட்டுச்சென்ற குழியால் பின்னர் வருபவர் பாதிக்கப்படவும் நேர்ந்தது.

இதற்குத் தீர்வாக 1920களின் இறுதியில் தொடக்கக் கட்டை உருவானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜோர்ஜ் பிரெஸ்னஹனும் அவுஸ்திரேலிய ஓட்ட வீரர் சார்ளி பூத்தும் இதன் முன்னோடிகளாகக் கூறப்படுகின்றனர். ஆனால் புதிய கருவி உடனடியாக வரவேற்கப்படவில்லை. 1929இல் சிக்காகோவில் ஜோர்ஜ் சிம்ப்சன் 100 யார் தூரத்தை 9.4 செக்கன்களில் ஓடி முடித்தபோதும், கட்டையைப் பயன்படுத்தினார் என்ற காரணத்தால் அது உலக சாதனையாக அங்கீகரிக்கப்படவில்லை. 1937இலேயே சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் அதற்கு அனுமதி வழங்கியது. ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகப் பயன்பட்டது 1948 லண்டன் போட்டிகளிலாகும். நமது நாட்டின் டங்கன் வைட் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதும் அதே லண்டன் ஒலிம்பிக்கில்தான் என்பது நினைவுகூரத்தக்கது.

அன்று தடுக்கப்பட்ட கருவி இன்று கட்டாயமாகியுள்ளது. தற்போதைய சர்வதேச விதிகளின்படி 400 மீற்றர் வரையான சகல ஓட்டங்களுக்கும் தொடக்கக் கட்டை பயன்படுத்தப்பட வேண்டும். அதற்கு மேற்பட்ட தனிநபர் ஓட்டங்களில் அதற்கு இடமில்லை. கட்டையானது உறுதியான சட்டகத்தில் பொருத்தப்பட்ட இரு பாதத் தகடுகளைக் கொண்டிருத்தல் வேண்டும். தகடுகளை வீரர் தமது உடலமைப்புக்கேற்ப முன்பின் நகர்த்தலாம். ஆனால், புறப்பட்ட பின்னர் அவை அசையக்கூடாது. சட்டகத்தின் எப்பகுதியும் ஆரம்பக் கோட்டின் மீது படியக்கூடாது. எவருக்கும் நியாயமற்ற அனுகூலம் அளிக்கும் அமைப்பு எதுவும் கட்டையில் இருக்கக்கூடாது என்பதே இவ்விதிகளின் சாரமாகும். கட்டை வீரரைத் தூக்கி எறியும் வில்லாக அன்றி, அவர் உதைப்பதற்கான சுவராக மட்டுமே இருக்க வேண்டும்.

ஒலியும் இங்கு சமத்துவப் பிரச்சினையாகிறது. ஓர் ஓடுபாதையின் அகலம் 1.22 மீற்றர். எனவே முதலாம் ஓடுபாதைக்கும் எட்டாம் ஓடுபாதைக்கும் இடையில் ஏறத்தாழ எட்டரை மீற்றர் தூரம் உண்டு. ஒலி இத்தூரத்தைக் கடக்க 0.025 செக்கன் அளவில் எடுக்கும். பாரிஸில் தங்கத்தைத் தீர்மானித்த இடைவெளியைப்போல் இது ஐந்து மடங்காகும். இதனாலேயே பெரும் போட்டிகளில் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒலிபெருக்கி வைக்கப்பட்டு, ஆரம்ப ஒலி அனைவருக்கும் ஒரே கணத்தில் கேட்கச் செய்யப்படுகிறது. செவிப்புலனற்றோருக்கான போட்டிகளில் ஒலிக்குப் பதிலாக ஒளிச் சமிக்ஞை பயன்படுகிறது.

இன்றைய கட்டை ஓர் அளவீட்டுக் கருவியுமாகும். பாதம் தகட்டை அழுத்தும் விசையை அதிலுள்ள உணரிகள் பதிவு செய்கின்றன. ஒலி எழுந்து 0.100 செக்கனுக்குள் வீரர் உந்தினால் அது பிழையான ஆரம்பம் எனக் கொள்ளப்படும். மனித மூளை ஒலியைக் கேட்டுத் தசைகளுக்குக் கட்டளையிடுவதற்கு அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும், ஆகவே அவர் ஒலியைக் கேட்டன்றி ஊகித்தே புறப்பட்டார் என்பது இதன் அடிப்படை.

தண்டனையும் படிப்படியாகக் கடுமையாகியுள்ளது. முன்னர் ஒருவர் இரண்டாவது முறை தவறு செய்தாலே வெளியேற்றப்பட்டார். 1996 அட்லாண்டா இறுதிப் போட்டியில் நடப்புச் சம்பியன் லின்பர்ட் கிறிஸ்டி அவ்வாறே வெளியேறினார். 2003 முதல், முதற்தவறு எவருடையதாயினும் அது அனைவருக்குமான எச்சரிக்கையாகி, அடுத்துத் தவறுபவர் நீக்கப்பட்டார். எதிராளியைக் குழப்ப வேண்டுமென்றே முந்திப் புறப்படும் தந்திரத்துக்கு இது வழிவகுத்ததால், 2010 முதல் முதற்தவறுக்கே நீக்கம் என்ற விதி வந்தது. 2011இல் டேகு உலக சம்பியன்ஷிப் இறுதியில் உசைன் போல்ட்டே அதற்குப் பலியானார். எனினும் பல அம்சப் போட்டிகளில் இன்றும் ஒரு பொது எச்சரிக்கை அனுமதிக்கப்படுகிறது.

ஆயினும் 0.100 என்ற எல்லை சரியானதா? 2009இல் பின்லாந்து ஆய்வாளர் பாவோ கோமி குழுவினர் சம்மேளனத்துக்காக நடத்திய ஆய்வு, எல்லையை 0.080 அல்லது 0.085 ஆகக் குறைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 2022இல் யூஜீன் உலக சம்பியன்ஷிப் 110 மீற்றர் சட்டவேலி இறுதியில் அமெரிக்காவின் டெவன் அலன் 0.099 செக்கனில் புறப்பட்டார் எனக் கருவி காட்டியது. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக அவர் நீக்கப்பட்டார். கண்ணுக்குப் புலப்படாத குற்றத்துக்கு மேன்முறையீடற்ற தண்டனை என்ற மனக்குறை அன்று பரவலாக எழுந்தது.

கருவி எல்லை மீறுவதும் உண்டு. 2019 டோஹா உலக சம்பியன்ஷிப்பில் வீரர்களின் முகபாவத்தைக் காட்டவெனக் கட்டைகளுக்குள் சிறு கமராக்கள் பொருத்தப்பட்டன. வீராங்கனைகள் அவற்றைத் தாண்டியே தமது இடத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஜேர்மனிய வீராங்கனைகளின் ஆட்சேபத்தை அடுத்து, அக்காட்சிகளின் ஒளிபரப்பு கட்டுப்படுத்தப்பட்டது. போட்டியாளரின் கண்ணியம் கருவியின் வடிவமைப்பிலேயே கருத்திற் கொள்ளப்பட வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

நமது மாணவர்களுக்கும் இவ்விடயத்தில் பங்குண்டு. சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற பதக்கமும், 2022இல் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கன்களில் கடந்து நிலைநாட்டிய தெற்காசியச் சாதனையும் குறுந்தூர ஓட்டத்தில் நமக்கும் இடமுண்டு எனக் காட்டின. ஆனால் புற்றரையில் பயின்று, பெரிய போட்டியிலேயே முதன்முறையாகக் கட்டையைக் காணும் பிள்ளை, அதனைத் தன் காலளவுக்குப் பொருத்தவும் அறியாது தடுமாறும். அப்பிள்ளையை முதற்தவறுக்கே வெளியேற்றுவது, வசதியின்மைக்குத் தண்டனை விதிப்பதாகும். பல அம்சப் போட்டிகளில் உள்ள எச்சரிக்கை முறையை இளம் வயதுப் பிரிவினருக்கும் கைக்கொள்வதும், ஒவ்வொரு கல்வி வலயத்திலும் சில கட்டைகளையேனும் பாடசாலைகள் பகிர்ந்து பயன்படுத்த வழிசெய்வதும் பெருஞ் செலவை வேண்டி நிற்கும் காரியங்களல்ல. சம்பந்தப்பட்டோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.