அந்தமானில் பெண் உடல்நலமும் மருத்துவக் கல்வியும்

பெண்ணின் குடும்ப நிலை, வருவாய், முடிவெடுக்கும் உரிமை ஆகியவை அவளது இனப்பெருக்க நலத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்று மாணவர்களுக்கு உணர்த்துவதே மருத்துவக் கல்வியில் பாலினப் புரிதல் எனப்படுகிறது. அதன் தேவையை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாறு வலுவாக எடுத்துக்காட்டுகிறது.

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டபின் அங்கு அனுப்பப்பட்ட பெண் கைதிகள், ஆண் கைதிகளை மணந்து குடியேற்றத்தை நிலைபெறச் செய்வோராகவே பெரிதும் கருதப்பட்டனர். தொல்குடி அந்தமானியரின் நிலையோ இன்னும் கொடியது. 1863இல் ரோஸ் தீவில் கார்பின் பாதிரியார் தொடங்கிய 'அந்தமான் இல்லம்' அவர்களை ஆங்கிலேய வாழ்முறைக்குப் பழக்க முற்பட்டது. ஆனால் அத்தகைய இல்லங்களில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. மேகநோயும், 1877இல் பரவிய தட்டம்மையும் எஞ்சியோரில் பலரையும் வாரிக்கொண்டு போயின.

அதே காலத்தில் இந்தியப் பெருநிலத்தில், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்துப் பெண்கள் உயிரிழந்த அவலத்தைக் கண்ட மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்கள், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். வகுப்பறைக்குள் பெண்கள் வந்தபின்னும் பாடநூல்கள் எளிதில் மாறவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று விரலால் பார்க்கும் 'இருவிரல் சோதனை', அறிவியல் அடிப்படை இல்லாதிருந்தும், சட்ட மருத்துவப் பாடத்தில் நெடுங்காலம் நீடித்தது. அதனை நீக்கப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யுமாறு 2022இல் உச்ச நீதிமன்றமே பணிக்க வேண்டியிருந்தது.

புத்தகம் கற்பிக்காததைச் சிலர் பணியிடத்தில் கற்றனர். லிட்டில் அந்தமானின் டூகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடி மக்களிடையே பணியாற்றி, அவர்களது நம்பிக்கையைப் பெற்று, 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்ற செவிலியர் சாந்தி தெரசா லக்ரா அத்தகையோரில் ஒருவர்.

தீவுகளின் முதல் மருத்துவக் கல்லூரி 2015இல் போர்ட் பிளேரில் தொடங்கியது. அதன் மாணவர்கள் பயிலும் கோ.ப. பந்த் மருத்துவமனைக்குத் தொலைதீவிலிருந்து கடல் கடந்து வரும் கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தை அளப்பதோடு, அவரிடம் புறப்பட முடிவெடுத்தவர் யார், வீட்டில் குழந்தைகளைக் கவனிப்பவர் யார் என்பதையும் கேட்டறிய வேண்டும். பயணம் தாமதமானதன் காரணம் அந்த விடைகளில் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கேட்கும் பயிற்சியும் மகப்பேற்று மருத்துவத்தின் பகுதியே ஆகும்.