இரவுத் தங்கல்: புதுவையிலிருந்து வேளாங்கண்ணிக்கு

புதுவைத் திருச்சபையின் வரலாறு எழுதியோர் பெரும்பாலும் கோயில்கள் எழும்பிய கதையையும் குருமார் வந்துபோன கதையையுமே எழுதினர். 1776இல் பாரிசு வேதபோதக சபையினர் பொறுப்பேற்றதும், புனித பவுலின் பெயர் திரிந்து சம்பாக் கோயில் என வழங்கும் பேராலயம் 1791இல் மீண்டும் எழுந்து நிறைவுற்றதும் நாம் எளிதில் படித்தறியக் கூடியவை. கோயிலை நாடி நடந்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், எவர் அருகில் எவர் படுத்தார் என்பதைப் பதிவுசெய்த ஏட்டை நாம் கண்டதில்லை.

ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழா. அதற்குச் சில நாள் முன்பே புதுவையின் பங்குகளிலிருந்து மக்கள் குழுக்களாகப் புறப்படுகின்றனர். லாஸ்பேட்டையிலிருந்தும் செல்கின்றனர். காவி உடை, சிறு சப்பரத்தில் மாதா சுரூபம், பின்னால் அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய வண்டி. (காவி எச்சமயத்திலிருந்து எச்சமயத்துக்கு வந்தது என வழக்காடுவோர் உண்டு, நடப்பவர்களுக்கு அவ்வழக்கில் அக்கறை இல்லை.) ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று செல்லும் அச்சாலையில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனியர், டச்சுக்காரர் நால்வரின் கோட்டை நிழல்களும் விழுந்திருக்கின்றன. 1748இல் புதுவையை முற்றுகையிட ஆங்கிலப் படை வந்ததும் கடலூர்ப் பக்கத்திலிருந்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குழுவொன்றில் நமக்கு அறிமுகமான ஒருவர் தம் மகளுடன் சென்றார். மகளுக்குப் பதினொரு வயது. தாய்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பகலில் சிக்கல் ஏதும் இல்லை. தந்தையின் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டே அவள் நடந்தாள். முதல் நாள் இரவு கடலூரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். குழுவின் வழக்கப்படி பெண்களும் குழந்தைகளும் வகுப்பறைக்குள், ஆண்கள் தாழ்வாரத்தில். பதினொரு வயது எந்தப் பக்கம்? தந்தை பாயைச் சுருட்டியபடியே நின்றிருக்கிறார். அதற்கு முன் மகளை ஓரிரவும் பிறர் பொறுப்பில் விட்டதில்லையாம். குழுவில் மூத்த ஓர் அம்மாள், "புள்ளைய எங்ககிட்ட விட்டுட்டுப் போய்ப் படு தம்பி" என்றிருக்கிறார். அந்த அம்மாள் எந்தத் தெருக்காரர் என்பது தந்தைக்குத் தெரியும். தம் வீட்டார் தண்ணீர் வாங்கிக் குடித்திராத தெரு.

இவ்விடத்தில் நாம் சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க இயலவில்லை. புகாரிலிருந்து கோவலனோடும் கண்ணகியோடும் நடந்துவந்த சமணத் துறவியான கவுந்தியடிகள், மதுரையின் புறஞ்சேரியில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வணிகர் குலத்துப் பெண் இரவில் எங்கே தங்குவாள்? அவர் தேர்ந்தது ஆய்ச்சியான மாதரியின் குடிசை. அடைக்கலக் காதை என ஒரு காதைக்கே பெயரிட்டார் இளங்கோ. அப்புகார்த் துறை இன்றைய வேளாங்கண்ணிச் சாலைக்குக் கிழக்கே சில கல் தொலைவில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவைப்போம்.

எவர் அருகில் எவர் என்ற வினா புதுவைக்குப் பழையது. ஆனந்தரங்கப் பிள்ளை, தாம் கிறித்தவர் அல்லராயினும், 1745 அக்டோபரில் புதுவைக் கோயிலுக்குள் நடந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உள்ளே ஒரு தடுப்புச் சுவர். ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். காரைக்கால் குரு ஒருவரின் தூண்டுதலால் ஒதுக்கப்பட்டோர் திரண்டு முறையிட, சுவர் இடிபட்டது. கதை அத்துடன் முடியவில்லை. தலைமைத் துபாசியான கனகராய முதலியாரின் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்தி நகையும் மெல்லாடையும் நறுமணமும் பூண்டு வந்ததற்காகக் குரு அவளைக் கடிந்து இழிவாகப் பேசினார். சாதிக் கிறித்தவர் வெகுண்டு கூடினர். ஒரே நிகழ்வில் சுவர் இடிந்ததும் ஒரு பெண் அவமதிக்கப்பட்டதும் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. சுவரைப் பற்றிப் பேசுவோர் அப்பெண்ணைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நமக்கு இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகவே தோன்றுகின்றன.

அச்சுவர் 1745உடன் போய்விட்டது எனக் கொள்வார் எறையூரை நினைக்க வேண்டும். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட அவ்வூரில் 2008 மார்ச்சில், தனிக்கோயில் கேட்ட தலித் கிறித்தவருக்கும் பிறருக்கும் இடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் மாண்டனர். சாலையிலும் எல்லாம் கலந்துவிடுவதில்லை. தெருவாரியாகப் பாய் விரிக்கும் குழுக்கள் உண்டு என நடந்தவர்களே சொல்கின்றனர். ஆயினும் ஐந்தாறு நாள் ஒரே அண்டாச் சோறு, ஒரே குழாயடி, கொப்புளத்துக்கு ஒரே மருந்துக் குப்பி. கோயிலுக்குள் பலர் போராடியும் எளிதில் வாராதது இங்கே அலுப்பின் பொருட்டாவது சிறிது வருகிறது என்பது நம் எண்ணம்.

இரவைப் பற்றிய அச்சமும் பொய்யன்று. 2004 டிசம்பர் 26 காலை, கிறித்துமசு இரவை வேளாங்கண்ணியில் கழித்தவர்களையும் கரையோரக் கடைக்காரர்களையும் கடல் கொண்டது. மாண்டோர் பல நூற்றுவர். அதன்பின் கடற்கரையில் படுக்கப் பிள்ளைகளை விடாத பெற்றோரை நாம் அறிவோம்.

நம் நண்பர் அன்றிரவு மகளை அந்த அம்மாளிடம் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் கதவோரமாகவே படுத்தார், உறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, வெயிலுக்கு முன் நடப்பதற்காக மணியடித்தார்கள். மகள் வெளியே வந்தபோது அவள் தலை பின்னப்பட்டிருந்தது. அவருக்குப் பின்னத் தெரியாது. மறுநாள் சிதம்பரத்தை நோக்கி நடக்கையில் அவள் தோள்துண்டை விட்டுவிட்டு அந்த அம்மாளோடு முன்வரிசையில் பாடிக்கொண்டு போனாள். அம்மாளின் பையைத் தூக்கியவர் இவர்.

திரும்பும் வழியில் எவரும் நடப்பதில்லை. விழா முடிந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடிவதற்குள் புதுவை. ஐந்து நாள் நடந்த ஊர்களெல்லாம் சன்னலுக்கு வெளியே இருளில் கடந்துபோக, குழுவில் பெரும்பாலோர் காரைக்கால் வருமுன்பே உறங்கிவிடுகின்றனர்.