உப்பும் உதிரக் குழாயும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பு எளிதில் கிட்டாத காலத்தில் எழுந்த மொழி அது. நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றி, உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க நூல்கள் பலவிடத்தும் பேசுகின்றன. கடலுக்குத் தொலைவான மலையடிவார மக்களுக்கு உப்பு நெடுவழி வந்த செல்வமாகவே இருந்தது.

அருமையோடு வரியும் சேர்ந்தது. 1805-இல் சென்னை மாகாணத்தில் கும்பினியார் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கும் நடந்த வரலாறு நாம் அறிந்ததே. 1947-இல் உப்பு வரி நீங்கியது. இன்று வேலந்தாவளம் முதல் மறையூர், தேவிகுளம், குமுளி வரை எந்தக் கடையிலும் உப்பு மலிவாகக் கிடைக்கிறது.

ஆனால், மழை மாதங்களுக்கென உணவைச் சேமித்த பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை. பாலக்காட்டு வீடுகளின் கொண்டாட்டம், உப்புமாங்காய், அப்பளம், தோட்டத் தொழிலாளர் லயங்களின் கருவாடு ஆகிய யாவும் உப்பால் கெடாது நிற்பவை. இவற்றோடு கடைத் தின்பண்டங்களும் இப்போது சேர்ந்துவிட்டன.

நமது உடலும் பழைய உடலே. உப்பு அரிதான காலத்தில் அதனைச் சேமிக்கப் பழகியவை நம் சிறுநீரகங்கள். உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்குகிறது. குருதியின் அளவு பெருகி, குழாய்ச் சுவர்களை அழுத்துகிறது. அக்குழாய்களின் உட்பூச்சு போன்ற மெல்லிய படலம், அவற்றைத் தளர்த்தி விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. மிகையான உப்பு அச்சுரப்பைக் குறைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்கள் விறைத்துப் போகின்றன. மாரடைப்பும் பக்கவாதமும் நெருங்குகின்றன.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் தணிவதை 1904-இல் பிரெஞ்சு மருத்துவர் அம்பார்டும் அவருடைய துணைவரும் கண்டனர். 1940-களில் அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் என்பார், உப்பில்லாச் சோறும் பழமும் கொடுத்தே கடும் இரத்த அழுத்த நோயாளர் பலரைத் தேற்றினார். 32 நாடுகளில் பத்தாயிரவருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த 'இண்டர்சால்ட்' ஆய்வு 1988-இல் வெளிவந்தது. உப்பை மிகக் குறைவாக உண்ட பிரேசில் காட்டுக்குடிகளான யானோமாமியரிடம், வயது ஏறியும் இரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதை அது காட்டிற்று. முதுமையில் அழுத்தம் ஏறுவது இயற்கை என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது.

வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். ஆனால் உலக மக்கள் உண்பதோ சராசரியாக இதைப்போல் இரு மடங்கு. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான் என்பதை நினைவிற் கொள்க. அளவைக் குறைப்பினும், அயோடின் சேர்ந்த உப்பையே வாங்குதல் நன்று.

ஊறுகாயை நாள்தோறும் இலையில் இடாது விருந்து நாட்களுக்கு ஒதுக்கலாம். சோறு வடிக்கையிலும் மோரிலும் உப்பிடுவதைத் தவிர்க்கலாம். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது வளர்வது. ஆகவே, முப்பது வயது கடந்தோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனை அளந்து பார்த்துக்கொள்வது குடும்பத்திற்கே காப்பாகும்.