மண்ணில் கிடைத்த மருந்தும் மூளையில் கிடைத்த நொதியும்

பழுதுபட்ட உறுப்பை அகற்றிவிட்டு நல்லதொன்றைப் பொருத்த வேண்டும் என்னும் ஆசை மருத்துவ உலகில் நெடுநாளாக இருந்துவருவது. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் நுட்பத்தைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அலெக்ஸி கரேல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்துத் தந்தார். அதற்காக 1912ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். ஆக, உறுப்பைத் தைத்துப் பொருத்தும் வழி தெரிந்துவிட்டது. பொருத்திய உறுப்பை உடல் ஏற்றுக்கொள்ளும்படி செய்யும் வழிதான் தெரியவில்லை.

ஏற்காத காரணத்தை இரண்டாம் உலகப் போரின்போது பீட்டர் மெடவார் கண்டறிந்தார். தீக்காயம் பட்டோருக்குப் பிறருடைய தோலை ஒட்டினால், சில நாட்களில் அது கருகி உதிர்ந்தது. அதே மனிதரின் தோலை மறுமுறை ஒட்டியபோதோ முன்னினும் விரைவாக உதிர்ந்தது. உடல் அந்நியனை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கிற்று. நோயிலிருந்து நம்மைக் காக்கும் எதிர்ப்பாற்றலே உயிர் காக்க வந்த உறுப்பையும் பகையென்று விரட்டுகின்றது!

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் ஆதலால், அங்கே அந்நியம் என்பதே இல்லை. ஆனால் எல்லா நோயாளிக்கும் இரட்டைப் பிறவி வாய்க்குமா? 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பார்னார்ட் ஒரு மனிதரின் இருதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். உலகமே வியந்தது. இருதயம் பெற்றவரோ 18 நாட்களில் நிமோனியா கண்டு மரணமடைந்தார். எதிர்ப்பாற்றலை ஒடுக்க அக்காலத்தில் இருந்த மருந்துகள், ஒட்டுறுப்பைத் தாக்கும் படையோடு நோய்க் கிருமியைத் தடுக்கும் படையையும் சேர்த்தே வீழ்த்தின. 1968இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ நூறு இருதயங்கள் மாற்றப்பட்டன. பெற்றவர்களில் பெரும்பாலோர் நீடித்து வாழவில்லை. மருத்துவமனைகள் பலவும் அம்முயற்சியைக் கைவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே போன்ற வெகு சிலரே தளராது தொடர்ந்தனர்.

நார்வே நாட்டு மண்

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரிலிருந்த சாண்டோஸ் நிறுவனத்தார், வெளியூர் செல்லும் தம் ஊழியர்களிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது வழக்கம். போகுமிடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வரவேண்டும் என்பதே அது. அவ்வாறு நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்திலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சணம் இருந்தது. அது சுரந்த பொருளுக்குச் சைக்ளோஸ்போரின் என்று பெயரிட்டனர். கிருமிக்கொல்லியாக அது பெரிதும் பயன்படவில்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டுச் சோதனைகளில் அதன் வேறொரு குணம் வெளிப்பட்டது. எலும்பு மச்சையைச் சிதைக்காமலேயே எதிர்ப்பாற்றலின் வெள்ளணுக்களை மட்டும் அது அடக்கிற்று. ஸ்டேஹலின், போரெல் ஆகிய இருவரின் ஆய்வகங்களில் இந்த உண்மை துலங்கியது.

தண்ணீரில் கரையாத இம்மருந்தை ஆலிவ் எண்ணெயில், அதாவது ஜைத்தூன் எண்ணெயில் கரைத்துப் பார்த்தவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் அல்கிஸ் கோஸ்டாகிஸ். அவருடைய தலைவர் ராய் கால்ன் 1978இல் அதை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1980இன் இறுதியில் ஷம்வேயின் குழு இருதய நோயாளிகளுக்கும் கொடுத்தது. 1983இல் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. கைவிடப்பட்டிருந்த இருதய மாற்றுச் சிகிச்சை மறுவாழ்வு பெற்றது.

மருந்து வேலை செய்தது. எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் எவரும் அறியார்!

இரண்டு பாதைகளின் சந்திப்பு

விடையின் ஒரு பாதி, உறுப்பு மாற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வகத்தில் அப்போதே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் கிளாட் கிளீ என்னும் அம்மையார், மாட்டு மூளையில் மிகுந்திருந்த ஒரு புரதத்தை ஆராய்ந்துவந்தார். கால்சியத்தைப் பற்றிக்கொள்வது, நரம்புத் திசுவில் கிடைப்பது என்னும் இரண்டையும் சேர்த்து 1979இல் அதற்குக் ‘கால்சிநியூரின்’ எனப் பெயர் சூட்டினார். பிற புரதங்களின் மீதுள்ள பாஸ்ஃபேட்டை நீக்கும் நொதி அது என்பது 1982இல் தெரிந்தது.

1984இல் ஜப்பானின் சுக்குபா மண்ணிலிருந்து மற்றொரு மருந்து கிடைத்தது. அதுவே பின்னர் டாக்ரோலிமஸ் எனப்பட்டது. அதன் அமைப்பு வேறு. உயிரணுவுக்குள் அது கைகோக்கும் புரதமும் வேறு. எனினும் விளைவு ஒன்றாகவே இருந்தது. இந்தப் புதிருக்கு 1991இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் அவருடைய கூட்டாளிகளும் விடை கண்டனர். இரு மருந்துகளும் தத்தம் துணைப் புரதத்தோடு இணைந்து சென்று பிடிப்பது அதே கால்சிநியூரினைத்தான்!

அந்நிய உறுப்பைக் கண்டதும் வெள்ளணுவுக்குள் கால்சியம் பெருகுகின்றது. உடனே கால்சிநியூரின் விழித்தெழுந்து, முத்திரையிட்டு நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு தூதுவனின் முத்திரையை உடைக்கின்றது. அந்த முத்திரைதான் பாஸ்ஃபேட். விடுபட்ட தூதுவன் உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, ‘படையைப் பெருக்குக’ என்னும் ஆணையைப் பிறப்பிக்கின்றான். மருந்து கால்சிநியூரினைத் தடுத்துவிட்டால் ஆணை பிறப்பதில்லை.

இருதயத்தின் செய்தி

1998இல் மோல்கென்டின், ஓல்சன் ஆகியோர் மற்றொரு வியப்பை வெளியிட்டனர். சுண்டெலிகளின் இருதயத்தில் கால்சிநியூரினை ஓயாது இயங்கச் செய்தபோது, இருதயம் தடித்துப் பருத்து இறுதியில் செயலிழந்தது. சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது அத்தடிப்பு தடுக்கப்பட்டது. இருதய நோய்க்கே மருந்து கிடைத்துவிட்டதோ என்று பலரும் எண்ணினர். ஆனால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி இருதயத்தைப் பருக்கச் செய்த விலங்குகளில் அம்மருந்தைச் சோதித்தபோது, ஓர் ஆய்வகம் பயனுண்டு என்றது. மற்றொன்று இல்லை என்றது. நொதியின் பங்கு பின்னர் மரபணுச் சோதனைகளால் உறுதிப்பட்டது. மருந்தோ இருதய நோயாளியிடம் போய்ச் சேரவில்லை.

காரணம் வெளிப்படை. கால்சிநியூரின் வெள்ளணுவுக்கு மட்டும் உரியதன்று. மூளையிலும் சிறுநீரகத்திலும் தசையிலும் பணி புரிகின்றது. அதைத் தடுக்கும் மருந்து இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றது. உயர்ந்த அழுத்தமே இருதயத்தைத் தடிக்கச் செய்யும். சிறுநீரகம் பெற்றவர், அதைக் காக்கவென்று அன்றாடம் விழுங்கும் மாத்திரையே அதற்குச் சிறிது சிறிதாக ஊறும் விளைவிக்கலாம். இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். அளவு குறைந்தால் உறுப்புக்கு ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. கால்சிநியூரினைத் தீண்டாத பெலடாசெப்ட் என்னும் மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகம் அதனால் நன்கு இயங்கக் கண்டனர். ஆயினும் தொடக்க மாதங்களில் உடல் உறுப்பை எதிர்ப்பது அதில் மிகுதியாக இருந்தது.

முதலில் உயிர் காத்தது மருந்து. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே அதன் பொருள் விளங்கிற்று. விளங்கிய பின்னும் அதன் விலை முற்றிலும் குறைந்துவிடவில்லை. மூளையில் கிடைத்தது என்பதற்காக நரம்பின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு நொதி, உடலின் ஒவ்வொரு மூலையிலும் தனக்கொரு வேலை உண்டு என்று நமக்குக் காட்டிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் அதைத் தடுத்து மற்ற இடங்களில் விட்டுவைக்கும் மருந்தைக் காண்பதே இனிவரும் ஆய்வாளர்களின் பொறுப்பு.