விதையும் தூதும்: ஆரோன்சோன், சுவாமிநாதன்

கணியம்பாடிக்கு மேலே எழும் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் இன்றும் சாமை விதைக்கிறார்கள். அந்த விதைக்காக உலக அரங்கில் பேச வேண்டியவர் யார்? உழவியல் படித்துத் தூதுக்குப் போன இருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆரோன் ஆரோன்சோன் 1876இல் ருமேனியாவில் பிறந்து, ஆறு வயதில் பாலஸ்தீனம் வந்தவர். பிரான்சில் வேளாண்மை கற்றார். 1906இல் ரோஷ் பின்னா அருகே காட்டு எம்மர் கோதுமையைக் கண்டுபிடித்தார். கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனை வேளாண்மைக்குத் திருப்பியது 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம்.

பாதை பிரியும் இடம் சுவையானது. காவல் பணிக்குத் தேர்வான சுவாமிநாதன் அதை உதறிவிட்டு, 1949இல் மரபியல் கற்க நெதர்லாந்து போனார். ஆரோன்சோனோ 1915இல் துருக்கி ஆளுநர் ஜெமால் பாஷாவுக்காக வெட்டுக்கிளிகளை ஒழிக்கும் பணியை ஏற்றார். அதே காலத்தில் பிரிட்டனுக்கு உளவு சொல்லும் 'நிலி' குழுவையும் கட்டினார். அதற்கு அவர் குடும்பம் கொடுத்த விலை பெரிது: 1917இல் பிடிபட்ட தங்கை சாரா, சித்திரவதைக்குப் பின் தன்னையே சுட்டுக்கொண்டார்.

1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ஆரோன்சோன் நீர்வளத்தைக் கணக்கிட்டு, யூதத் தாயகத்துக்கு வடக்கு எல்லை கேட்டார். அதே ஆண்டு மே 15இல் விமான விபத்தில் மறைந்தார். அந்த எல்லைக்குள் அவர் சேர்க்கக் கேட்ட லித்தானி ஆறு வெளியேதான் நின்றது. சுவாமிநாதன் 1981 முதல் 1985 வரை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு மன்றத்தின் தலைவர். 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநர். போரில் கம்போடியா இழந்த நெல் ரகங்கள் அந்த நிலையத்தின் விதை வங்கியிலிருந்துதான் நாடு திரும்பின.

ஆரோன்சோனின் அறிவியல் ஒரு தேசக் கனவின் வாதமாயிற்று. சுவாமிநாதனின் அறிவியல் எல்லை தாண்டி விதை கொடுத்தது. ஆனால் அவர் முன்னின்று நடத்திய பசுமைப் புரட்சி கோதுமையையும் நெல்லையும் உயர்த்தியபோது சிறுதானியங்கள் பின்தங்கின. அதை உணர்ந்தே 1988இல் சென்னையில் அவர் தொடங்கிய நிறுவனம் கொல்லிமலையில் சாமைக்கும் தினைக்கும் உழைத்தது.

தூதுவனை எடைபோட அவன் யாருக்காகப் பேசினான் என்று பார்த்தால் மட்டும் போதாது. யாரை விட்டுவிட்டான் என்பதையும், விட்டதைத் திரும்பிப் பார்த்தானா என்பதையும் கேட்க வேண்டும். அந்த அளவுகோலில் சுவாமிநாதனே ஒரு படி உயர்ந்து நிற்கிறார்.