பணிக்கொடை

பணி + கொடை = பணிக்கொடை. 'கொடு' என்னும் வினையடியில் பிறந்தது கொடை. மனமுவந்து தருவது என்று பொருள். ஆங்கிலத்தில் 'கிராஜுவிட்டி'. அதன் இலத்தீன் வேரும் மகிழ்ச்சியையும் நன்றியையுமே குறிக்கும். நெடுநாள் உழைத்தவருக்கு முதலாளி விரும்பித் தந்த அன்பளிப்பு என்பதே பழைய கருத்து.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றியது. 5 ஆண்டுகள் தொடர்ந்து உழைத்து விலகுபவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், 30 நாள்களுக்குள் வழங்கியாக வேண்டும். பணியில் இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ 5 ஆண்டு நிபந்தனை இல்லை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தம் முடிந்து விலகுபவருக்கும் அந்த நிபந்தனையை நீக்கியது.

ஆகவே, முதலாளிகள் இதைக் கருணைத்தொகையாக எண்ணலாகாது. சொல்லில்தான் இது கொடை; சட்டத்தில் உழைத்தவரின் உரிமை.