கப்பலேறிய பண்பாடு



பண்பாடு வாழ்வது மண்ணிலா, மனிதரிலா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "வேரோடு பிடுங்கின செடி பட்டுப்போகும்" என்றார். ஐயா, நான் காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடிக்காரன். எங்க கடற்கரைக் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவும் அவர்களுடையது. அங்கே தோட்ட வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். பேரைப் பறித்தார்கள், பேச்சைப் பறித்தார்கள். 1848 டிசம்பர் 20-ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. 'இனிமே கரும்பு வெட்டுறது யாரு?' முதலாளிக்குக் கவலை வந்தது. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றினார்கள்.

அந்த ஆப்பிரிக்க மக்களிடம் சொந்த மண் ஒரு பிடி உண்டா? கிடையாது. ஞாபகம் இருந்தது. பீப்பாயில் தோலைக் கட்டி 'ரூலேர்' என்று முரசு செய்தார்கள். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதையைப் போட்டு, 'கயாம்ப்' என்று குலுக்கினார்கள். ஒருவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். அதுதான் 'மலோயா'. செத்துப்போன முன்னோரை அழைத்துப் படையல் வைத்தும் அதைப் பாடுகிறார்கள். நம்ம வீட்டுல பாட்டன் பாட்டிக்குப் படைக்கிறோமே, அந்த மாதிரி! அதிகாரம் அந்தப் பாட்டை வெகுகாலம் அடக்கி வைத்தது. 2009-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. (கைதட்டல்)

பக்கத்திலேயே நம்ம ஆளுங்க மாரியம்மன் கோயில் கட்டினார்கள், தீ மிதித்தார்கள். இன்றைக்கு ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் மஞ்சள் துணி கட்டித் தீ மிதிக்கிறார்கள். அட, முருங்கைக்கீரைக்கு அங்கே பேர் என்ன தெரியுமா? 'ப்ரேத் முரூம்'! முருங்கையும் கப்பலேறிப் பேரை மாத்திக்கிச்சு. (சிரிப்பு) இன்னும் தூரம் போங்க. கரீபியன் கடலில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகள். அங்கே மாரியம்மனோடு நம்ம நாகூர் ஆண்டவரையும் சேர்த்தே கும்பிடுகிறார்கள்.

"தமிழ்ப் பேச்சு போச்சே?" என்று கேட்பார் எதிரணியார். போச்சுதான். மறைக்கவில்லை, எனக்கும் வலிக்கிறது. ஆனால் பாஷை போன வீட்டிலும் வேண்டுதல் போகவில்லையே! மண்ணில்தான் பண்பாடு என்றால், மண்ணே இல்லாதவன் எப்படிக் காப்பாற்றினான்?

மாசி மகத்தன்று எங்க ஊர் ஈசன் வேடனாகக் கோலம் மாறிக் கடற்கரைக்கு வருவார். வேஷம் மாறியதால் அவர் சிவன் இல்லை என்று எங்க ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கோலம் மாறி நிற்கிற நம்ம சொந்தங்களை மட்டும், 'இவங்க நம்மவங்க இல்லை' என்று சொல்லிவிடலாமா? நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன்.